செவிலில் தங்கி கோர்டோபா, கிரனாடா, டொலேடோ: ஒவ்வொண்ணையும் ஒரே நாளில் பார்த்துட்டுத் திரும்ப முடியுமா?

#1 | மொட்டைமாடிச் செடி

வணக்கம். ஏப்ரல் கடைசியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஸ்பெயின் போறோம். மாட்ரிட்டில் இறங்கி ரெண்டு ராத்திரி, அப்புறம் செவிலில் வீடு எடுத்திருக்கோம், கடைசி ரெண்டு ராத்திரி மலாகா, அங்கேயிருந்து விமானம். செவில் வீட்டுக்கு முழுப் பணமும் கட்டியாச்சு, அதை மாத்த முடியாது. மலாகா ஓட்டலை மட்டும் இன்னும் ரத்து பண்ணலாம்.

செவிலை மையமா வெச்சு, கோர்டோபாவுக்கு ஒரு நாள், கிரனாடாவுக்கு ஒரு நாள், டொலேடோவுக்கு ஒரு நாள்னு போட்டிருக்கேன். அரபு ஆட்சிக்காலக் கட்டடங்கள்தான் முக்கியம். அப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு, முழங்கால் வலி உண்டு. ஆனா பழைய கட்டடம்னா தூணைத் தூணா எண்ணிக்கிட்டு நிப்பார். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. இந்தத் திட்டம் சரியா வருமா?

#2 | ரயில் கிறுக்கன்

டொலேடோவை செவில் கணக்கிலிருந்து இப்பவே அடிச்சுடுங்க. அது மாட்ரிட்டுக்குப் பக்கத்து ஊர். அதோச்சா நிலையத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம் சொச்சம்தான். செவிலிலிருந்து போனா மாட்ரிட் வரைக்கும் ஏறி, மறுபடி இறங்கி வரணும். மாட்ரிட்டில் இருக்கிற நாள்லயே முடிச்சுக்கோங்க.

கோர்டோபா வேற கதை. மாட்ரிட்–செவில் அதிவேக ரயில் பாதை 1992-ல் போட்டது. கோர்டோபா அந்தப் பாதையிலேயே இருக்கு. செவிலிலிருந்து முக்கால் மணி, மாட்ரிட்டிலிருந்து வந்தா ஒண்ணே முக்கால் மணி. ஒரே நாளில் போய்த் திரும்புறதுக்குன்னே அமைஞ்ச ஊர்னு சொல்லலாம். பார்க்க வேண்டியது எல்லாம் பழைய ஊருக்குள்ளே நடந்து போற தூரத்தில் இருக்கு, தரையும் பெரும்பாலும் சமதளம். உங்க அப்பாவுக்கு ஏத்த இடம்.

கிரனாடாவுக்கு ஒரே நாளில் போய் வர்றதை மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். செவிலிலிருந்து ரயிலோ பஸ்ஸோ, போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம்னு வெச்சுக்கோங்க. அங்கே குன்று மேல இருக்கிற அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனையை ஒழுங்கா நடந்து பார்க்க மூணு நாலு மணி நேரம் ஆகும். மிச்சம் என்ன இருக்கு? அங்கே ஒரு ராத்திரியாவது தங்குங்க.

இன்னொண்ணு: அதிவேக ரயிலுக்குப் பெட்டியை ஸ்கேன் பண்ணித்தான் உள்ளே விடுவாங்க. கிளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க. ஓடிப் போய் ஏறுறதெல்லாம் அங்கே நடக்காது. அரசாங்க ரயில் கம்பெனி ரென்ஃபேயைத் தவிர இரியோ, உய்கோன்னு வேற கம்பெனி ரயில்களும் இந்தப் பாதையில் ஓடுது. முன்கூட்டியே எடுத்தா விலை நல்லாவே இறங்கும்.

#3 | சேன்நதிக்கரை

ரயில் கிறுக்கன் அண்ணை சொல்லுறது செவிலில இருந்து பாத்தால் சரி. ஆனா தங்கச்சி கடைசியில மலாகாவில நிக்கிறா எல்லோ? நாங்கள் பாரிசில இருந்து ஒவ்வொரு முறையும் மலாகாவுக்குத்தான் இறங்கிறனாங்கள். அங்கயிருந்து கிரனாடாவுக்கு பஸ்ஸில ஒண்டரை, ரெண்டு மணித்தியாலம்தான். காலமை வெளிக்கிட்டால் இரவு சாப்பாட்டுக்குத் திரும்பி வரலாம். பிள்ளைகளோட அப்பிடித்தான் போய் வந்தனாங்கள், ஒரு குறையுமில்லை.

ஆனா டிக்கட் எடுக்காமப் போகாதேங்கோ. அல்ஹம்ப்ராவில நஸ்ரித் அரண்மனைகளுக்கு (கிரனாடாவை ஆண்ட முஸ்லிம் அரசர்கள் இருந்த மாளிகையள்) உள்ள போற நேரம் டிக்கட்டிலயே போட்டிருப்பினம். அந்த நேரம் தவறினால் உள்ள விடமாட்டினம். டிக்கட்டில ஆளின்ர பெயர் இருக்கும், பாஸ்போட்டும் கேட்பினம். போட்டோப் பிரதியை நம்பிப் போகாமல் பாஸ்போட்டையே கொண்டு போங்கோ.

#4 | ரயில் கிறுக்கன்

// ஒரு குறையுமில்லை //

சேன்நதிக்கரை, நீங்க பகல் கிரனாடாவைப் பார்த்திருக்கீங்க. சாயங்காலம் அல்பைசின் மேட்டில் சான் நிக்கோலாஸ் திடலில் நின்னு எதிர்க்குன்று அல்ஹம்ப்ராவைப் பார்த்தீங்களா? ஏப்ரலில் பின்னாடி சியரா நெவாடாவில் பனி இருக்கும். பொழுது சாயுறப்போ கோட்டைச் சுவர் செம்மண் நிறத்துக்கு வரும். அந்த நேரத்தில் நீங்க பஸ் நிலையத்துக்கு நடந்துக்கிட்டு இருந்திருப்பீங்க.

#5 | சேன்நதிக்கரை

பாத்தனாங்கள் அண்ணை, நடுப்பகல் வெயிலில. 😄 கூட்டம் குறைவு எண்டது ஒரு லாபம்.

#6 | சுதையும் சுண்ணமும்

கட்டடக்கலை படிச்சவன்கிற முறையில் கோர்டோபாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பலரும் மெஸ்கிட்டாவுக்குள், அதாவது அங்குள்ள பழைய பெரிய பள்ளிவாசலுக்குள் போய், சிவப்பு வெள்ளை வளைவுகளைப் படம் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பா தூண் எண்ணுகிறவர் என்றால் அவருக்கு அங்கே அரை நாள் வேலை இருக்கிறது.

டமாஸ்கஸில் உமையா வம்சத்தை 750-ல் அப்பாசியர்கள் ஒழித்தபோது தப்பி ஓடி வந்த இளவரசர் முதலாம் அப்துல் ரஹ்மான். 756-ல் கோர்டோபாவில் ஆட்சியைப் பிடித்து, 780-களில் இந்தப் பள்ளிவாசலைத் தொடங்கினார். தூண்களைப் புதிதாகச் செதுக்கவில்லை. சுற்றுவட்டாரத்திலிருந்த ரோமானிய, விசிகோத்தியக் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தார்கள். ஒன்று பளிங்கு, ஒன்று கருங்கல். உயரம் வேறு, மேலே உள்ள போதிகை வேறு. அந்தத் தூண்கள் குட்டை. அவற்றின் மேல் நேராகக் கூரை போட்டால் இவ்வளவு பெரிய கூடத்தில் தலைக்கு மேல் அழுத்துகிற மாதிரி இருக்கும். அதனால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவை வைத்துக் கூரையைத் தூக்கினார்கள். எல்லாரும் அலங்காரம் என்று ரசிக்கிற அந்த இரட்டை வளைவு, குட்டைத் தூணை வைத்துக்கொண்டு கூரையை உயர்த்தக் கண்ட வழி. வளைவின் சிவப்புப் பட்டை செங்கல், வெள்ளைப் பட்டை கல்.

இனி அப்பாவுக்கு ஒரு வேலை. கட்டடம் நான்கு கட்டமாக வளர்ந்தது. முதல் பகுதியில் தூண்கள் கலப்படமாக இருக்கும். இரண்டாம் அல்ஹகம் 960-களில் தெற்கே நீட்டிய பகுதிக்குப் போனால், இந்த இடத்துக்கென்றே செய்த தூண்கள்: ஒன்று இளஞ்சிவப்பு, அடுத்தது கருநீலச் சாயல், இப்படி மாறி மாறி வரும். அந்தக் கோடியில்தான் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். பொன் பூசிய கண்ணாடித் துண்டுகளால் ஆன மொசைக். அதைச் செய்ய பைசாந்தியப் பேரரசர் ஆள் அனுப்பினார் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பி, பின்னால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்மன்சூர் விரித்த பகுதிக்குப் போங்கள். அங்கே வளைவை நன்றாக உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல்லே இருக்காது. முழுக்கக் கல்தான், மேலே சிவப்புச் சாயத்தால் பட்டை தீட்டியிருப்பார்கள். அவசரமும் சிக்கனமும் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

தெற்கே நதி குறுக்கிட்டதால்தான் அல்மன்சூர் கிழக்கே போக வேண்டியதாயிற்று. அதனால் மிஹ்ராப் இப்போது தெற்குச் சுவரின் நடுவில் இல்லை. உள்ளே நின்று பார்த்தால் அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பது புரியும். இப்போது மிஞ்சியிருக்கும் தூண்கள் 856 என்று சொல்வார்கள். அப்பா எண்ணி முடித்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.

#7 | வடக்கு வாசல்

எல்லாம் சரி, நடுவில் கொண்டுபோய் ஒரு கதீட்ரலைச் செருகி வெச்சிருக்காங்களே, அதைப் பார்த்தா வயிறு எரியாதா? அந்தத் தூண் காட்டுக்கு நடுவில் நடந்து போயிட்டே இருக்கோம், திடீர்னு ஒரு வெள்ளைக் கோபுரக்கூடு தலைக்கு மேல எழும்புது. எனக்கு ஒட்டவே இல்லை.

#8 | சுதையும் சுண்ணமும்

எனக்கும் ஒட்டவில்லைதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிறிஸ்தவ மன்னர் மூன்றாம் ஃபெர்னாண்டோ 1236-ல் ஊரைப் பிடித்தவுடன் பள்ளிவாசலைத் தேவாலயமாக்கினார்கள். ஆனால் இடிக்கவில்லை. நீங்கள் சொல்லும் நடுக்கட்டடம் 1523-ல்தான் தொடங்கியது. நகர மன்றமே எதிர்த்தது. பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் அனுமதி கொடுத்தார். பிறகு வந்து பார்த்து வருந்தினார் என்று ஒரு வசனம் சொல்வார்கள், அது பிற்காலக் கட்டுக்கதையாக இருக்கலாம். அதே கார்லோஸ் அல்ஹம்ப்ராவுக்குள்ளேயும் 1527-ல் தனக்கு ஒரு அரண்மனை கட்ட ஆரம்பித்தவர்.

செவிலில் என்ன நடந்தது? பெரிய பள்ளிவாசலை இடித்துவிட்டுத்தான் கதீட்ரல் எழுப்பினார்கள். மினாரும் முற்றமும்தான் மிச்சம். கோர்டோபாவில் நடுவில் தேவாலயத்தைச் செருகியதால்தான் மற்றதெல்லாம் தப்பியது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு.

#9 | வடக்கு வாசல்

தப்பிச்சதுக்கு நன்றி சொல்லணுமா? இப்பவும் முஸ்லிம்கள் அங்கே தொழ முடியாது. 2006-ல் மறைமாவட்டம் வெறும் 30 யூரோ கட்டி அந்தக் கட்டடத்தைத் தன் பேரில் பதிவு பண்ணிக்கிச்சு. ஊர்க்காரங்களே கையெழுத்து இயக்கம் நடத்தினாங்க. கொஞ்ச காலம் துண்டுப்பிரசுரத்திலேயே மெஸ்கிட்டாங்கிற பேரை எடுத்துட்டு வெறும் கதீட்ரல்னு போட்டிருந்தாங்க.

#10 | கடலைமிட்டாய்

அல்மன்சூர் மட்டும் என்ன சும்மாவா இருந்தார்? 997-ல் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலாவைச் சூறையாடி, அங்கே இருந்த தேவாலய மணிகளைக் கைதிகள் தோளில் ஏத்தி கோர்டோபாவுக்குக் கொண்டு வந்து பள்ளிவாசல்ல விளக்கா தொங்க விட்டாங்கன்னு சொல்வாங்க. 1236-ல் ஊரைப் பிடிச்சதும் ஃபெர்னாண்டோ அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏத்தி சந்தியாகோவுக்குத் திருப்பி அனுப்பினார். ரெண்டு தரப்பும் சளைச்சது இல்ல. அடுத்து யாராவது நம்ம ஊர்ச் சண்டையை இங்கே இழுத்துட்டு வர்றதுக்குள்ள பயணத்தைப் பேசுவோம்.

#11 | மொட்டைமாடிச் செடி

அப்பாவுக்கு #6-ஐப் படிச்சுக் காட்டினேன். நோட்டுப் புத்தகம் எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டார். சுதையும் சுண்ணமும் சார், ரொம்ப நன்றி.

செவில்லயே பார்க்க வேண்டியதையும் சொல்லுங்களேன். அல்காசர் அரண்மனை மூர்கள் (அந்தக் கால முஸ்லிம்கள்) கட்டினதுதானே? ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கு.

#12 | சுதையும் சுண்ணமும்

பாதி சரி. அந்த இடத்தில் அரபுக் கோட்டை இருந்தது, அதன் சில பகுதிகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் எல்லாரும் வாய் பிளந்து பார்க்கிற நடு அரண்மனையைக் கட்டியவர் ஒரு கிறிஸ்தவ மன்னர், கஸ்தீலியாவின் பெத்ரோ. காலம் 1364-ஐ ஒட்டி. ஊர் கைமாறி நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. அந்த மன்னர் தனக்கு ஒரு வீடு கட்ட நினைத்தபோது, கிரனாடாவிலிருந்தும் டொலேடோவிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்து அரபு எழுத்தாலேயே சுவரை நிரப்பினார். இந்தப் பாணிக்கு முதேஹார் என்று பெயர். கிரனாடாவின் ஐந்தாம் முகமதுவும் பெத்ரோவும் கூட்டாளிகள். அல்ஹம்ப்ராவின் சிங்க முற்றம் ஐந்தாம் முகமது கட்டியது. ஏறக்குறைய ஒரே காலத்து வேலை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே கைகள் வேலை செய்த மாதிரி இருக்கும்.

ஆகவே செவிலில் முதலில் அல்காசர், பிறகு கிரனாடா என்ற வரிசையே நல்லது. அல்ஹம்ப்ராவைப் பார்த்துவிட்டு வந்தால் அல்காசர் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும்.

செவில் கதீட்ரலின் ஹிரால்டா கோபுரத்தை விடாதீர்கள். 1184-ல் தொடங்கி 1198-ல் முடித்த மினார். மேலே உள்ள மணிக்கூடு 16-ஆம் நூற்றாண்டில் வைத்தது. உள்ளே படிக்கட்டு கிடையாது, சாய்தளம்தான். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக என்று சொல்வார்கள். 35 சாய்தளங்கள், முழங்கால் வலிக்காரர்களும் நின்று நின்று ஏறிவிடலாம். உச்சிக்குப் போக மட்டும் கடைசியில் சில படிகள் உண்டு.

#13 | ஓட்டைக் குடை

ஏஜென்சி மூலமா போறதா இருந்தா ஜாக்கிரதை. நாங்க செவில்ல ஒரு ஏஜென்சி கிட்ட ‘அல்ஹம்ப்ரா ஒருநாள் சுற்றுலா’ன்னு பணம் கட்டினோம். விடியக்காலை கிளப்பிட்டாங்க. அங்கே போய் இறங்கினப்புறம்தான் கையில கொடுத்த டிக்கெட் தோட்டம், ஹெனரலிஃபே (ராஜாக்களோட கோடை மாளிகை), அல்கசாபா கோட்டைக்கு மட்டும்னு தெரிஞ்சுது. நஸ்ரித் அரண்மனை அதில் இல்லை. கேட்டா ‘விளம்பரத்தில அல்ஹம்ப்ரான்னுதானே போட்டோம்’னு சொல்றாங்க. சிங்க முற்றத்துக்கு அம்பது மீட்டர் தள்ளி நின்னுட்டுத் திரும்பி வந்தோம். கூட வந்த பாட்டியம்மா ஒருத்தங்க ‘சாமி பார்க்காம பிரகாரம் மட்டும் சுத்தின மாதிரி இருக்கு’ன்னாங்க.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி ‘நஸ்ரித் அரண்மனை உண்டா, எத்தனை மணிக்கு’ன்னு எழுத்தில வாங்கிக்கோங்க. முடிஞ்சா அல்ஹம்ப்ரா நிர்வாகத்தோட சொந்தத் தளத்திலேயே எடுத்துடுங்க. ஏப்ரல்னா பல வாரம் முன்னாடியே தீர்ந்துடும்.

#14 | சுதையும் சுண்ணமும்

ஓட்டைக் குடை சொன்னது மிக முக்கியம். அரண்மனை இல்லாத அல்ஹம்ப்ரா வெறும் கோட்டையும் தோட்டமும்தான். அவையும் அழகுதான், ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

உள்ளே போனால் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. கோமாரெஸ் மண்டபத்தின் விதானம் 8000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. இரு சகோதரிகள் மண்டபத்தின் குவிமாடத்தில் தேன்கூடு போல 5000-க்கும் மேற்பட்ட சுதைக் கண்ணறைகள். கவனியுங்கள், இங்கே விலையுயர்ந்த பொருள் அதிகம் கிடையாது. சுதை, மரம், செங்கல், கீழே ஓடு. கோர்டோபாவில் கிலாஃபத் உச்சத்தில் இருந்தபோது பளிங்கும் பொன்னும் கொட்டினார்கள். கிரனாடாவின் நஸ்ரித்கள் சுருங்கிப்போன ஒரு சின்ன அரசு, கஸ்தீலியாவுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தவர்கள். 1492 ஜனவரி 2-ல் அதுவும் முடிந்தது. கையில் இருந்தது சுண்ணமும் கைத்திறனும்தான். ‘அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை’ என்ற வாசகத்தைச் சுவரெங்கும் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரையும் அப்பாவுக்குக் காட்டுங்கள். குன்றின் மேல் ஊற்று கிடையாது. தாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே தண்ணீரைத் திருப்பி, மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மேட்டிலிருந்து இறங்கும் அழுத்தத்திலேயே நீரூற்றுகள் பீறிட்டன.

#15 | வடக்கு வாசல்

டொலேடோவைப் பத்தி யாருமே பேசலையே. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே காழியா இருந்த சயீத் அல்-அந்தலூசி, உலகத்தில் எந்தெந்த இனத்தார் அறிவியலை வளர்த்தாங்கன்னு 1068-ல் ஒரு நூல் எழுதினார். அதில் முதல் இடம் இந்தியர்களுக்கு. இந்தியாவிலிருந்து வந்த எண்முறையையும் சதுரங்கத்தையும் சொல்லிப் பாராட்டுறார். 1085-ல் ஆறாம் அல்ஃபோன்சோ ஊரைப் பிடிச்ச பிறகு, அடுத்த நூற்றாண்டில் அங்கேதான் அரபு நூல்களை லத்தீனுக்கு மொழிபெயர்த்தாங்க. கிரெமோனாவின் ஜெரார்டு அங்கேயே தங்கி வேலை செஞ்சவர்.

கட்டடம்னா, 999-ல் கட்டின குட்டிப் பள்ளிவாசல் ஒண்ணு இருக்கு, இப்போ கிறிஸ்தோ தெ லா லூஸ்னு பேர். உள்ளே ஒன்பது சின்ன விதானம், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. சாந்தா மரியா லா பிளாங்கா போங்க. யூதத் தொழுகைக்கூடமா கட்டினது, பார்க்கப் பள்ளிவாசல் மாதிரி குதிரை லாட வளைவு, பேரோ மாதா கோயில் பேர். ஊர் முழுக்க மேடு பள்ளம், கூழாங்கல் தெரு. கீழேயிருந்து ஏற எஸ்கலேட்டர் இருக்கு, அப்பாவை அதில் கூட்டிட்டுப் போங்க.

#16 | கடலைமிட்டாய்

அம்மா சாப்பாட்டுக்கு: செவில்ல கீரையும் கொண்டைக்கடலையும் போட்ட கூட்டு மாதிரி ஒண்ணு, எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ். சீரகம் போட்டிருப்பாங்க, நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். கோர்டோபாவில் கத்தரிக்காயை வறுத்து மேலே தேனோ கரும்புப்பாகோ ஊத்தித் தருவாங்க. சால்மொரேஹோன்னு தக்காளியும் ரொட்டியும் அரைச்ச கெட்டிக் குளிர் சூப். அதோட தலையில் முட்டையும் பன்றிக்கறியும் தூவித்தான் கொண்டு வருவாங்க, ஆர்டர் பண்றப்பவே ‘சின் ஹமோன், சின் ஹுவேவோ’ன்னு (பன்றிக்கறி வேணாம், முட்டை வேணாம்) அழுத்திச் சொல்லணும். ‘கறி வேணாம்’னு மட்டும் சொன்னா ஹமோன் போட்டுத் தருவாங்க, அது அவங்க கணக்கில் கறியே இல்ல.

மத்தியான சாப்பாடு ரெண்டு மணிக்கு மேல. நாலு மணிக்கு அடுப்பை அணைச்சா ராத்திரி எட்டு வரைக்கும் ஒண்ணும் கிடைக்காது. பையில முறுக்கு எடுத்துட்டுப் போங்க.

#17 | மொட்டைமாடிச் செடி

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உக்காந்து பேசி இப்படி மாத்தியிருக்கோம்: டொலேடோ மாட்ரிட்டிலிருந்து. செவிலில் முதல்ல அல்காசர், ஹிரால்டா. கோர்டோபாவுக்கு ஒரு முழு நாள். மலாகா ஓட்டலை ரத்து பண்ணிட்டு அந்த ரெண்டு ராத்திரியும் கிரனாடா. அங்கேயிருந்து மலாகா விமான நிலையத்துக்கு நேர் பஸ் இருக்கு, பார்த்துட்டேன். அரண்மனை டிக்கெட் காலை நேரத்துக்குக் கிடைச்சுடுச்சு.

கோர்டோபாவில் மெதீனா அஸாராவையும் அதே நாளில் சேர்க்கலாமா?

#18 | சேன்நதிக்கரை

நல்ல முடிவு தங்கச்சி. அண்ணை வெண்டிட்டார், பரவாயில்லை. கிரனாடாவில குடிக்க ஏதும் வாங்கினால் சின்னத் தட்டில சாப்பாடு இலவசமாத் தருவினம். அம்மாவுக்கு மரக்கறி எண்டு முதலே சொல்லிப் போடுங்கோ.

#19 | ரயில் கிறுக்கன்

வெற்றியெல்லாம் இல்லை, டிக்கெட் கிடைச்சதுதான் பெருசு. 😄

மெதீனா அஸாரா சேர்க்கலாம், காலையிலேயே ஆரம்பிச்சா. மூன்றாம் அப்துல் ரஹ்மான் 936 வாக்கில் கட்ட ஆரம்பிச்ச அரண்மனை நகரம், 1010-ல் சூறையாடிட்டாங்க. இப்போ பெரும்பாலும் இடிபாடுதான். ஊருக்கு மேற்கே 8 கிலோமீட்டர். கீழே அருங்காட்சியகத்தில் இறங்கி, அங்கேயிருந்து ஷட்டில் பஸ்ஸில் மேலே போகணும். நிழலே கிடையாது, அப்பாவுக்குத் தொப்பி கட்டாயம்.

மெஸ்கிட்டாவுக்கு ஞாயிறு தவிர மத்த நாள் காலையில் 8.30-லிருந்து 9.30 வரை இலவசமா விடுவாங்க, குழுக்களுக்கு அனுமதி இல்லை, அமைதியா இருக்கும். ஆனா 9.30-க்கு வெளியே அனுப்பிடுவாங்க. தூண் எண்ணுறவருக்கு அது பத்தாது, டிக்கெட்டே எடுத்துடுங்க. திங்கள்கிழமை மட்டும் கோர்டோபா வேணாம், மெதீனா அஸாரா மூடியிருக்கும்.